தனிமனித எழுத்தும் அதன் மீள்பிரசுரமும்

ஒருவர் தமது நாட்குறிப்பிலோ, நண்பருக்கு வரைந்த மடலிலோ, சிறு சஞ்சிகையொன்றிலோ எழுதிய ஆக்கம், பின்னொரு நாளில் ஊர்ச் சங்கத்தின் மலரிலும், பாடசாலைச் சஞ்சிகையிலும், நினைவு வெளியீட்டிலும் மீண்டும் அச்சேறுவது நம்மிடையே வழமையானதொன்றாகும். இவ்வாறு தனிமனித எழுத்தொன்று சமூகத்தின் பொதுவெளிக்கு வரும்போது யாருடைய அனுமதி தேவை, எதனை மாற்றலாம், எதனை மாற்றலாகாது என்ற கேள்விகளைப் பலரும் எழுப்புவதில்லை. எழுதியவர் மகிழ்ச்சியடைவார் என்ற எண்ணத்துடனேயே பெரும்பாலான மீள்பிரசுரங்கள் நிகழ்கின்றன. எண்ணம் நல்லதே, ஆயினும் அது மட்டும் போதுமானதன்று.

திருகோணமலை மாவட்டத்தைப் பொறுத்தவரையில் இது வெறும் இலக்கிய ஆர்வத்தின் பாற்பட்ட விடயமன்று. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடற்கோள் இம்மாவட்டத்தின் கரையோரக் கிராமங்களைச் சிதைத்தது. 2006 ஆம் ஆண்டு மூதூர் முஸ்லிம் மக்கள் கந்தளாயை நோக்கி இடம்பெயர்ந்தனர். அதே ஆண்டில் சம்பூர்த் தமிழ் மக்களும் தமது மண்ணை விட்டு வெளியேற நேர்ந்தது. சம்பூர் மக்கள் மீளத் திரும்புவதற்குப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. இத்தகைய அனுபவங்கள் அரச அறிக்கைகளில் எண்ணிக்கைகளாகவே பதிவாகின்றன. பாதிக்கப்பட்டவர் தம் கைப்பட எழுதிய குறிப்புகளிலேயே அவை மனிதக் கதைகளாக எஞ்சியிருக்கின்றன. ஆகவே அவற்றைத் தேடியெடுத்து மீள்பிரசுரம் செய்ய வேண்டிய தேவை இம்மாவட்டத்திற்கு ஏனைய இடங்களை விட அதிகம் எனலாம்.

ஒரே பிரதியாக இருக்கும் எழுத்து எந்நேரமும் அழியக்கூடியது. 1981 ஜூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் அவற்றோடு மீளப் பெறவியலாத சுவடிகளும் சாம்பலாயின. வேறிடங்களில் பிரதியிருந்த நூல்களை மீண்டும் தேடிச் சேர்க்க முடிந்தது. பிரதியற்றவை நிரந்தரமாகவே மறைந்தன. 2005 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நூலகம் திட்டம் இலங்கைத் தமிழ் பேசும் சமூகங்களின் நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் பாதுகாத்து வருவதன் அடிப்படையும் இதுவேயாகும். பிரதி பெருகுவது எழுத்துக்குக் காவல் என்பதில் ஐயமில்லை.

ஆனால் மீள்பிரசுரம் எழுத்தைக் காப்பது போலவே அதனை உருமாற்றவும் கூடும். திருகோணமலையில் பிறந்து சென்னையில் வாழ்ந்த தி.த. சரவணமுத்துப்பிள்ளை 1895 ஆம் ஆண்டு எழுதி வெளியிட்ட 'மோகனாங்கி' தமிழின் முதலாவது வரலாற்று நாவலெனக் கருதப்படுகிறது. ஆசிரியர் 1902 இல் மறைந்தார். பின்னர் அந்நாவல் சுருக்கப்பட்டு வேறு தலைப்பிலும் வெளிவந்தது. சுருக்கப் பதிப்பை மட்டும் கண்ட ஒருவர் மூலநூலின் விரிவையும் நடையையும் எவ்வாறு அறிவார்? முஸ்லிம் எழுத்துலகின் முன்னோடியான சித்திலெப்பை 1885 இல் வெளியிட்ட நாவலும் இன்று 'அசன்பேயுடைய கதை' எனவும் 'அசன்பே சரித்திரம்' எனவும் இரு தலைப்புகளில் வழங்குகிறது. எது மூலம், எது மாற்றம் என்பதை ஒவ்வொரு பதிப்பும் தெளிவாகக் குறிப்பிடாவிடில் வாசகரும் ஆய்வாளரும் மயங்குவது தவிர்க்க முடியாததாகும்.

இனி, சட்டம் என்ன கூறுகின்றது என்பதை நோக்குவோம். இலங்கையில் இவ்விடயம் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தினால் ஆளப்படுகிறது. ஓர் ஆக்கம் படைக்கப்பட்ட கணத்திலேயே அதற்குப் பதிப்புரிமை உண்டாகிவிடுகிறது. அதனை எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை. "உரிமை ஆசிரியருக்கே" என்று அச்சிட வேண்டியதுமில்லை. ஆசிரியரின் ஆயுட்காலம் முழுவதும், அவர் மறைந்து 70 ஆண்டுகள் வரையும் இவ்வுரிமை நீடிக்கும். எனவே, "பெயர் போடாத எழுத்துத்தானே", "ஏற்கனவே வெளிவந்ததுதானே" என்ற வாதங்களுக்குச் சட்டத்தில் இடமில்லை.

இச்சட்டம் எழுத்தாளருக்கு இரு வகை உரிமைகளை அளிக்கின்றது. முதலாவது பொருளாதார உரிமை. மீண்டும் அச்சிடுதல், மொழிபெயர்த்தல், தழுவியெழுதுதல், பொதுமக்களிடம் சேர்ப்பித்தல் ஆகியன இதில் அடங்கும். தமிழில் எழுதப்பட்ட ஒரு குறிப்பைச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ பெயர்த்து வெளியிடுவதற்கும் எழுதியவரின் இசைவு வேண்டும் என்பது இங்கு கவனிக்கத்தக்கது. இரண்டாவது தார்மிக உரிமை. தமது பெயர் குறிப்பிடப்பட வேண்டுமெனக் கோருவதற்கும், புனைபெயரைப் பயன்படுத்துவதற்கும், தமது மதிப்புக்கு ஊறு விளைவிக்கும் வகையில் எழுத்து சிதைக்கப்படுவதை எதிர்ப்பதற்குமான உரிமையே அது. குடும்பச் சூழல் கருதிப் புனைபெயரில் எழுதும் பெண் ஒருவரின் இயற்பெயரை, "இவர் இன்னார்" எனப் பெருமையோடு அச்சிட்டுவிடுவதும் இவ்வுரிமையை மீறும் செயலேயாகும்.

சட்டம் விதிவிலக்குகளையும் தந்துள்ளது. மேற்கோளாகச் சிறு பகுதியை எடுத்தாளலாம்; ஆனால் மூலமும் ஆசிரியர் பெயரும் குறிப்பிடப்பட வேண்டும். கற்பித்தல், ஆய்வு, விமர்சனம் போன்றவற்றிற்காக நியாயமான அளவில் பயன்படுத்தலாம். அன்றாடச் செய்தியின் தகவல்கள் எவருக்கும் தனியுரிமையானவை அல்ல. எனினும் முழு ஆக்கத்தையும் எடுத்து மலரொன்றில் சேர்ப்பதை மேற்கோள் எனக் கொள்ள முடியாது. மடல்கள் தொடர்பில் பலரும் அறியாத ஒன்றும் உண்டு. மடல் எழுதப்பட்ட தாள் பெற்றவருக்குச் சொந்தமாகலாம். அதிலுள்ள எழுத்தின் உரிமை எழுதியவரிடமே இருக்கிறது. தந்தை தம் பழைய நண்பருக்கு எழுதிய மடலை அந்நண்பர் வெளியிட விரும்பினால், தந்தை மறைந்திருப்பின் அவரது பிள்ளைகளிடம் கேட்க வேண்டும்.

சட்டத்திற்கும் அப்பாற்பட்ட காரணமொன்று நம் மண்ணில் உள்ளது. 2006 ஜனவரி 2 ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டனர். குண்டு வெடித்ததாலேயே அவர்கள் இறந்தனர் என்று கூறப்பட்ட வேளையில், அவர்களது உடல்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் இருந்ததை 'சுடர் ஒளி' செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த ஒளிப்படங்கள் வெளிப்படுத்தின. அதே மாதம் 24 ஆம் திகதி அவர் திருகோணமலை நகரில் சுட்டுக்கொல்லப்பட்டார். பதிவு ஒன்று பொதுவெளிக்கு வருவதனால் நேரக்கூடிய விளைவை அவர் அறிந்தே துணிந்தார். அந்தத் துணிவு அவருடைய சொந்தத் தெரிவு. மற்றொருவரின் நாட்குறிப்பை அவருக்குத் தெரியாமல் வெளியிடுபவரோ, அத்தெரிவை அவரிடமிருந்து பறித்துவிட்டு, ஆபத்தை மட்டும் அவர் தலையில் சுமத்துகிறார். சிலருக்காக எழுதப்பட்ட ஒன்று பலர் முன் வைக்கப்படும்போது அதன் பொருளும் மாறுகிறது, பொறுப்பும் மாறுகிறது. எழுதியவரைப் போலவே அதில் பெயர் சுட்டப்பட்டுள்ள அயலவரும் உறவினரும் கூட இதனால் பாதிக்கப்படலாம்.

அவ்வாறாயின் மீள்பிரசுரமே வேண்டாமா? அல்ல. முறைப்படி செய்யப்பட்ட மீள்பிரசுரம் எவ்வளவு பயன் தரும் என்பதற்கு உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' தக்க சான்றாகும். 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்த அத்தன்வரலாறு, 1942 இல் அவர் மறைந்த பின்னர், 1950 இல் நூலுருப் பெற்றது. வார இதழின் பக்கங்களோடு மறைந்திருக்கக்கூடிய ஒரு தனிமனித எழுத்து தமிழ்ச் சமூகத்தின் பொதுச் செல்வமாயிற்று. பாரதியாரின் படைப்புகளைப் பொறுத்தவரை 1949 இல் சென்னை மாகாண அரசு அவற்றின் உரிமையைத் தன்வசமாக்கிப் பின்னர் மக்களுக்குப் பொதுவாக்கியது. மக்கள் கவி என்பதற்காக உரிமையைப் புறக்கணிக்காமல், முறையாகப் பெற்றுப் பொதுவாக்கிய வழி அது.

எனவே மலர்க் குழுக்களும் சங்கங்களும் பத்திரிகைகளும் சில நடைமுறைகளைக் கைக்கொள்ள வேண்டும். எழுதியவரிடம், அவர் இல்லாவிடில் உரித்தாளரிடம், எழுத்து மூலம் இசைவு பெறுதல் முதலாவது. எங்கே, எந்த வடிவில், எத்தனை காலத்திற்கு வெளியிடப்படும் என்பதை அதில் குறிப்பிடல் நன்று. முதலில் வெளிவந்த இடமும் திகதியும் ஆக்கத்தின் அடியில் அச்சிடப்படல் வேண்டும். 2006 இல் எழுதப்பட்ட ஒரு முறைப்பாட்டைத் திகதியின்றி இன்று வெளியிட்டால் அது இன்றைய குற்றச்சாட்டாகவே வாசிக்கப்படும். பல சமூகங்கள் அருகருகே வாழும் இம்மாவட்டத்தில் அதன் விளைவை விளக்க வேண்டியதில்லை. சுருக்கினால் சுருக்கப்பட்டது எனவும், திருத்தினால் திருத்தப்பட்டது எனவும் குறிப்பிட வேண்டும். பிறரின் பெயர்கள் வரும் இடங்களை எழுதியவரோடு மீண்டுமொரு முறை வாசித்துப் பார்த்தல் நலம். வெளியான பிரதியொன்றை அவருக்கு அனுப்பி வைத்தல் குறைந்தபட்ச நன்றியாகும்.

எழுதுவோருக்கும் ஒரு கடமையுண்டு. தமது எழுத்துகளைத் திகதியிட்டு ஒழுங்குபடுத்தி வைப்பதோடு, எவற்றைத் தமக்குப் பின் வெளியிடலாம், எவற்றை வெளியிடலாகாது என்பதைப் பிள்ளைகளுக்கோ நம்பிக்கைக்குரியவருக்கோ கூறி வைத்தல் வேண்டும். அவ்வாறு செய்யாத காரணத்தால், இசைவு தர ஆளின்றிப் பெட்டிகளிலேயே உக்கிப்போகும் எழுத்துகளும் நம்மிடையே உள்ளன.

துறைமுகத்தில் இறக்கப்படும் ஒவ்வொரு பொதியும் அனுப்பியவர் பெயரையும் புறப்பட்ட இடத்தையும் தாங்கியே வருகிறது. அவையின்றி வரும் பொதியை எவரும் பொறுப்பேற்பதில்லை. துறைமுகத்தைத் தன் வாழ்வாகக் கொண்ட இம்மாவட்டத்தின் எழுத்துகளுக்கும் அந்த நியதி பொருந்தும். எழுத்தைக் காப்பதற்குப் பிரதி தேவை. எழுதியவரைக் காப்பதற்கோ பெயரும் திகதியும் இசைவும் தேவை. இரண்டையும் ஒருசேரக் காக்கும் மீள்பிரசுரமே சமூகத்திற்கு நன்மை பயக்கும் என்பது நமது நிலைப்பாடாகும்.