பர்லியார்: நடந்து காணும் மலையும் படத்தில் காணும் மலையும்

மலைநாட்டைக் காண விரும்புவோர்க்கு இன்று இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று நடந்து சென்று காண்பது. மற்றொன்று வீட்டிலிருந்தவாறே திரையில் காண்பது. இரண்டாவது வழி புதியதன்று. 1896-ஆம் ஆண்டிலேயே, லூமியேர் சகோதரர்களின் படப்பிடிப்பாளரான புரோமியோ என்பவர், வெனிஸ் நகரத்துக் கால்வாயில் ஓடும் படகின்மீது காமிராவை வைத்து, கரையிலுள்ள மாளிகைகள் நகர்ந்து செல்வதுபோலப் படமெடுத்தார். சில ஆண்டுகளுக்குள், புகைவண்டியின் முகப்பிலிருந்து எடுத்த படங்கள் மேனாட்டுக் கொட்டகைகளில் பெருங்கூட்டம் சேர்த்தன. இன்று கைப்பேசியில் நாம் காணும் மலைப்பாதை வீடியோக்கள் அந்தக் குடும்பத்தில் பிறந்தவையே. அவற்றை இகழ்வது நம் நோக்கமன்று. நடக்க இயலாத முதியவர்க்கு அவை பெரிய வரம். ஆயினும், படம் எதைக் காட்டுகிறது, எதை விட்டுவிடுகிறது என்று மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று. அதற்கு நீலகிரிச் சாரலிலுள்ள பர்லியார் மிகத் தக்க இடம்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் மலைப்பாதையில், கல்லாற்றைக் கடந்து சில வளைவுகள் ஏறினால் பர்லியார் வரும். காரிலிருந்து எடுத்த படத்தில் இவ்வூர் ஒரு நிமிடத்தில் முடிந்துபோகும். சில கடைகள், ஒரு பாலம், குரங்குகள். அடுத்த காட்சியில் தேயிலைத் தோட்டம் வந்துவிடும். இடையில் என்ன நடந்தது என்பது மறைந்துவிடுகிறது.

நடப்பவனுக்கு அது மறைவதில்லை. பர்லியார் கடல்மட்டத்திற்கு ஏறக்குறைய 2,500 அடி உயரத்தில் உள்ளது. குன்னூரோ 6,000 அடியைத் தாண்டியது. ஆயிரம் அடி ஏறுந்தோறும் வெப்பம் சுமார் 2 பாகை குறையும் என்பது பாடநூலில் படித்த செய்தி. அதைத் தோலால் உணர்வது வேறு. பர்லியாரில் கழுத்தில் வேர்க்கிறது. காற்றில் ஈரம் நிற்கிறது. அந்த வெப்பமும் ஈரமும் கூடிய இடத்தைத் தேர்ந்துதான் இங்கே பழப்பண்ணை அமைத்தார்கள். 1871 முதல் அரசின் வசமுள்ள இத்தோட்டத்தில் மங்குஸ்தானும், ரம்புத்தானும், துரியனும், சாதிக்காயும், கிராம்பும் வளர்கின்றன. மலாய் நாட்டிலும் அதையடுத்த தீவுகளிலும் தோன்றிய மரங்கள் இவை. இங்கிருந்து சில மைல் மேலே குன்னூரின் குளிரில் இவற்றை நட்டால் தேறா; சில மைல் கீழே சமவெளியின் வறண்ட காற்றில் நட்டாலும் தேறா. மங்குஸ்தான் பொறுமையைச் சோதிக்கும் மரமும்கூட. விதையிட்டுக் கனி காண எட்டுப் பத்து ஆண்டுகள், சில வேளை அதற்கு மேலும் ஆகும்.

இடத்தை இடமாகக் காட்டவேண்டிய கடமை திரைப்படத்திற்கு இல்லை. டேவிட் லீன் இயக்கி 1984-இல் வெளிவந்த 'எ பாஸேஜ் டு இந்தியா' என்ற படத்தில், இதே பள்ளத்தாக்கில் 1899 முதல் ஓடும் மலை ரயில், வடநாட்டிலுள்ள கற்பனைக் குகைகளுக்குச் செல்வதாக வருகிறது. கதைக்கு அது பொருந்தியது. ஆனால் அக்காட்சியைக் கொண்டு நீலகிரியை அறிய முடியாது.

இனி, படம் பெரும்பாலும் விட்டுவிடும் முக்கியமான செய்திக்கு வருவோம். அது தண்ணீரின் வழி. படமெடுப்போர் வானம் தெளிந்த நாளையே நாடுவர். ஆகையால் மலை எப்போதும் பசுமையாய், அசையாததாய்த் தோன்றும். உண்மையில் இச்சரிவு அசையக்கூடியது. 1993 நவம்பரில், வடகிழக்குப் பருவமழையின்போது, பர்லியாரை அடுத்த மரப்பாலம் பகுதியில் மலை சரிந்து சாலையை அடித்துச் சென்றது, உயிர்களும் போயின. 2009 நவம்பரில் நீலகிரியின் பல இடங்களில் சரிவுகள் நேர்ந்து நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

பாறைமேல் படிந்துள்ள மண் மழைநீரைக் குடித்துக் கனக்கிறது. மண்ணுக்குள் நீரின் அழுத்தம் ஏற, துகள்களின் பிடி தளர்கிறது. சாலைக்காகச் சரிவின் அடியை வெட்டியிருந்தால், மேலுள்ள மண்ணைத் தாங்க ஒன்றுமில்லை. நீர் தானே வகுத்த ஓடையை அடைத்து வீடு கட்டினால் கேடு இருமடங்காகும். இதற்கான அடையாளங்களை நடப்பவன் படிக்கலாம். தடுப்புச் சுவரில் வரிசையாக விட்டிருக்கும் சிறு துளைகள் வீணுக்கல்ல. உள்ளே தேங்கும் நீர் வெளியேறவே அவை. அவை மண்ணால் அடைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். அடிமரம் வளைந்து, நுனி நேராய் நிமிர்ந்த மரங்கள் ஓரிடத்தில் கூட்டமாய் நின்றால், அங்கே மண் ஆண்டுக்கணக்கில் மெல்ல நகர்ந்துவருகிறது என்று கருத இடமுண்டு. கோடையில் வறண்டு கிடக்கும் சாலையோரப் பள்ளம், கார்த்திகையில் இரைந்து ஓடும் ஆறு. பொறியியல் பயிலும் மாணவர் ஒருவர் இங்கே அரை மைல் நடந்தால், வகுப்பில் ஒரு மாதம் கேட்டதைக் கண்ணால் காண்பார் என்பது என் எண்ணம்.

நடக்கும் இடத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. குறுகிய சாலை, வளைவுகளில் பேருந்துகள் திடீரெனத் தோன்றும். மழை நாளில் சரிவின் அடியில் நிற்றல் ஆகாது. காட்டுக்குள் நுழைய வனத்துறையின் அனுமதி வேண்டும். ஆகையால் பழப்பண்ணைக்குள்ளும் ஊரை ஒட்டியும் பகலில் நடப்பதே தக்கது. பலா பழுக்கும் காலத்தில் யானைகள் பழத்தை நாடி இப்பகுதிக்கு வருகின்றன. அவற்றை அருகே சென்று படம்பிடிக்க வண்டியை நிறுத்துவோரும் உண்டு. இது யானைக்கும் தொல்லை, மனிதனுக்கும் ஆபத்து. யானை கண்ணில் பட்டால் வண்டியைவிட்டு இறங்காமல், ஒலியெழுப்பாமல், அது சாலையைக் கடக்கும்வரை தொலைவில் காத்திருங்கள்.