சமையலறைக் கச்சேரி

உங்கள் வீட்டு அலமாரியில் மெல்லிய விளிம்புள்ள கண்ணாடிக் கிளாஸ் இருக்கிறதா? அடியில் காலும் பாதமும் உள்ள ஒயின் கிளாஸாக இருந்தால் இன்னும் விசேஷம். பாதி தண்ணீர் ஊற்றுங்கள். விரல் நுனியை நனைத்துக்கொண்டு விளிம்பின் மேல் மெதுவாக வட்டமிடுங்கள். முதலில் 'கிறீச்' என்று பல் கூசும். அவசரப்படாதீர்கள். சில சுற்றுகளுக்குப் பிறகு கிளாஸ் பாட ஆரம்பித்துவிடும். தண்ணீரைக் கூட்டினால் சுருதி இறங்கும், குறைத்தால் ஏறும். நம் ஜலதரங்க வித்வான் பீங்கான் கிண்ணங்களுக்குச் சுருதி சேர்ப்பதும் இந்தக் கணக்கில்தான். அவர் குச்சியால் தட்டுகிறார். இங்கே விரலால் தடவுகிறோம்.

இதே காரியத்தை, 1973-ஆம் வருஷக் கடைசியில், லண்டன் ஆபி ரோடு ஒலிப்பதிவு நிலையத்தில் உலகப் பிரசித்தி பெற்ற நாலு பேர் வாரக்கணக்கில் செய்துகொண்டிருந்தார்கள் என்றால் நம்புவீர்களா? ரோஜர் வாட்டர்ஸ், டேவிட் கில்மர், ரிக் ரைட், நிக் மேசன். 'பிங்க் ஃபிளாயிட்' என்ற ராக் இசைக் கோஷ்டியார்!

அந்த வருஷம் மார்ச் மாதம்தான் அவர்களுடைய 'டார்க் சைட் ஆஃப் தி மூன்' இசைத்தட்டு வெளியாகியிருந்தது. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 1988 வரையில் 700 வாரங்களுக்கு மேல் இடம் பிடித்த தட்டு அது. பணமும் புகழும் வந்து குவிந்தன. கூடவே ஒரு பயமும் வந்தது. மூத்த பெண்ணின் கல்யாணத்தை ஊர் மெச்ச நடத்திவிட்ட அம்மாளுக்கு, அடுத்த பெண்ணின் கல்யாணப் பேச்சை எடுத்ததும் வயிற்றில் புளியைக் கரைக்குமே, அந்தப் பயம்தான்.

யோசித்தார்கள். இனி வாத்தியமே வேண்டாம், வீட்டுச் சாமான்களை வைத்தே ஒரு முழு இசைத்தட்டு தயாரிப்போம் என்று தீர்மானித்தார்கள். துடைப்பம் வந்தது. சுத்தியல், ரம்பம், ரப்பர் பாண்டு, மருந்து பீச்சும் டப்பா, ஒயின் கிளாஸ் எல்லாம் வந்தன. ரப்பர் பாண்டை இழுத்துக் கட்டி மீட்டி, பாஸ் கிட்டாரின் கனத்த நாதத்தை வரவழைக்கப் படாத பாடு பட்டார்கள். எடுத்து வாசித்தால் அதே நாதத்தை நொடியில் தருகிற கிட்டார் அவர்களிடமே இருந்தது! ரிக் ரைட்டுக்குப் பொறுமை போய்விட்டது. வேலையைத் தள்ளிப்போட அது ஒரு சாக்கு என்று நிக் மேசனே பிற்பாடு தம் புத்தகத்தில் ஒப்புக்கொண்டார். நாம் மட்டும் என்னவாம்? முக்கியமான கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டிய அன்றைக்குத்தானே அலமாரியை ஒழிக்கத் தோன்றுகிறது!

முயற்சி பாதியில் நின்றது. இசைத்தட்டு வெளிவரவே இல்லை. ஆனால் கிளாஸ்களின் நாதத்தை மட்டும் அவர்கள் விட்டுவிடவில்லை.

அவர்களுடைய ஆரம்ப காலத் தோழர் ஸிட் பாரெட். கோஷ்டியின் முதல் பாட்டுகளை எழுதியவரே அவர்தான். மனம் பேதலித்து, 1968-ல் கோஷ்டியை விட்டு விலக நேர்ந்தது. அவரை எண்ணி உருகிய 'ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட்' என்ற நீண்ட பாட்டு 1975-ல் வெளியாயிற்று. அதன் தொடக்கத்தில், தம்புரா மீட்டினாற்போல் மெல்ல எழுந்து பரவுகிற நாதத்தில் கலந்திருப்பது அந்தக் கண்ணாடிக் கிளாஸ்கள்தான்!

அந்த வருஷம் ஜூன் மாதம் அதே ஆபி ரோடில் வேலை நடந்துகொண்டிருந்தபோது, பருத்த மனிதர் ஒருவர் உள்ளே வந்து நின்றார். தலையும் புருவமும் மழித்திருந்தன. யாரோ என்று இருந்துவிட்டார்கள். பாரெட்! கூடவே வளர்ந்த சிநேகிதர்களுக்கே அடையாளம் தெரியவில்லை. தெரிந்தபோது கண் கலங்கினார்கள். பாரெட் 2006-ல் காலமானார்.

பெட்டியில் கிடந்த ஒலிநாடாவிலிருந்து இரண்டு துண்டுகளை 2011-ல் வெளியிட்டார்கள். ரப்பர் பாண்டு வாசிப்பு சுமார் மூன்று நிமிஷம். கிளாஸ் வாசிப்பு இரண்டு நிமிஷம். முன்னது அசல் பாஸ் கிட்டார் போலவே ஒலிக்கிறது. அதுதான் அதன் குறை! பின்னதை, வீடு அடங்கிய பிறகு, இரவில் கேளுங்கள்.