அசதிக்குள் ஒளியும் துயரம்

மாசமாக இருக்கும் பெண் தூக்கமில்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, ஒரே அசதி என்றால் வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மசக்கை என்பார்கள், டாக்டர் ரத்தசோகைக்கு மாத்திரை தருவார். ஆனால் இந்த மூன்றுமே மனச்சோர்வின் அறிகுறிகளும்கூட. அப்படியானால் எது எதுவென்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஸ்காட்லாந்தில் காக்ஸ், ஹோல்டன், சகோவ்ஸ்கி என்ற மூவர் 1987இல் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். பிள்ளை பெற்றவர்களுக்காக அவர்கள் உருவாக்கிய எடின்பரோ வினாத்தாள் இன்று கர்ப்பிணிகளுக்கும் உதவுகிறது. மொத்தம் 10 கேள்விகள், எல்லாம் கடந்த 7 நாட்களைப் பற்றியவை. அசதியைப் பற்றியோ பசியைப் பற்றியோ ஒரு கேள்வியும் கிடையாது. சிரிக்க முடிகிறதா, காரணமில்லாமல் பயம் வருகிறதா, எதற்கெடுத்தாலும் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்கிறாளா என்று விசாரிக்கும். தூக்கத்தைத் தொடும்போதுகூட, துக்கத்தால் அது கெட்டதா என்றுதான் கேட்கும். கர்ப்பம் உடம்பில் உண்டாக்கும் குழப்பங்களை ஒதுக்கிவிட்டு மனத்தை மட்டும் தேடுகிற அந்த நுட்பம் அபாரமானது.

பெங்களூரில் ஓர் அரசு மருத்துவமனைக்கு வந்த 280 கர்ப்பிணிகளிடம் இந்த வினாத்தாளைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2019இல் வெளியான முடிவின்படி 100 பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. மூன்றில் ஒருவருக்கும் மேல்!

'எல்லாம் ஹார்மோன்' என்று சொல்லிவிடுவது சுலபம். ஹார்மோனின் போக்கும் விசித்திரமானதுதான். சாதாரணமாக ரத்தத்தில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் கூடினால், அதைத் தூண்டிவிடும் சி.ஆர்.எச். என்ற சுரப்பை மூளை குறைத்துக்கொள்ளும். கர்ப்பத்தில் நஞ்சுக்கொடியும் அதே சி.ஆர்.எச்.சைச் சுரக்கிறது. அங்கே விதி தலைகீழ்: கார்டிசால் ஏற ஏற, அதுவும் ஏறும். ஆனால் இது எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் நடப்பது. மனச்சோர்வோ சிலருக்குத்தான் வருகிறது.

மிச்சக் காரணத்தை வீட்டுக்குள் தேட வேண்டும். குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு மனச்சோர்வு இருக்கும் வாய்ப்பு சுமார் 5 மடங்கு அதிகம் என்றது அந்த பெங்களூரு ஆய்வு. கர்ப்பத்தைப் பற்றிய பயம், சமீபத்தில் நேர்ந்த பேரிழப்பு போன்றவையும் சேர்ந்துகொண்டன. ரத்தம், சர்க்கரை, எடை என்று மாதாமாதம் அளக்கும் நாம் அடி விழுகிறதா என்று கேட்பதில்லை. கேட்டாலும், பக்கத்தில் கணவரோ மாமியாரோ உட்கார்ந்திருந்தால் அவள் எப்படி வாய் திறப்பாள்? ஐந்து நிமிடமாவது அவளைத் தனியாக உட்காரவைத்துக் கேட்பது ஒவ்வொரு பரிசோதனையிலும் நடக்க வேண்டும். அதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை.

கண்டுபிடித்துவிட்டால் சிகிச்சை உண்டு. பலருக்கு ஆலோசனையே போதும். மருந்து வேண்டுமென்றால் கர்ப்பத்துக்கு ஏற்றதை மனநல மருத்துவர் பார்த்துத் தருவார். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில், மனநோயால் வாடும் தாயையும் கைக்குழந்தையையும் பிரிக்காமல் சேர்த்தே வைத்துப் பார்க்கும் பிரிவு 2009 முதல் இயங்குகிறது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற அரசு மனநல ஆலோசனைச் சேவையை அழைக்கலாம். இரவு பகல் எந்நேரமும், கட்டணமில்லாமல், தமிழிலேயே பேசலாம்.