முசிறி: பெயரும் கொங்குத் தொடர்பும்

சேரர் துறைமுகமான முசிறியைக் கி.பி. முதல் நூற்றாண்டினதான எரித்திரேயக் கடற்பயண நூல் 'மூசிரிஸ்' எனக் குறிக்கிறது. இது கிரேக்கர் இட்ட பெயரன்று; தமிழ்ப் பெயரின் ஒலிபெயர்ப்பே. உயிர்களிடையே நிற்கும் தமிழ்ச் சகரத்தைக் கிரேக்கர் தம் 'சீட்டா' எழுத்தாலும் றகரத்தை 'ரோ' எழுத்தாலும் குறித்தனர். ஈற்றிலுள்ள சகர மெய் கிரேக்க வேற்றுமை விகுதியாகும். ஏறத்தாழக் கி.பி. 1000இல் யூதர் செப்பேட்டில் இவ்வூர் 'முயிரிக்கோடு' என வருகிறது. பசலை, பயலை என்பனபோல, இங்கும் சகரம் யகரமாகத் திரிந்துள்ளது.

பெயரை மட்டும் கொண்டு இடத்தை உறுதி செய்தல் பிழைக்கு இடந்தரும். காவிரிக் கரையிலும் ஒரு முசிறி உண்டு. அகநானூற்றின் 149ஆம் பாடல் சேரரின் பேரியாற்றோடும் யவனர் மரக்கலங்களோடும் இவ்வூரை இணைப்பதால், மேலைக்கடல் துறைமுகமே சுட்டப்படுவது தெளிவாகிறது. 2007 முதல் அகழாயப்பட்ட கொடுங்கல்லூர் அருகிலுள்ள பட்டணத்தை முசிறியாகக் கொள்வோர் பலர். அம்முடிவை ஏற்காதோரும் உளர்.

துறைமுகத்தின் வளம் கடற்கரையோடு நிற்கவில்லை. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலின் மணித்தொழிற்கூடங்களும் கோயம்புத்தூரை அடுத்த வெள்ளலூரில் கிடைத்த ரோமானியக் காசுகளும் பாலக்காட்டுக் கணவாய்வழி நிகழ்ந்த வணிகத்தைக் காட்டுகின்றன. எனவே முசிறி ஆய்வில் கொங்கு நாட்டுச் சான்றுகளையும் ஒருங்குவைத்து நோக்குதல் வேண்டும்.