ஞாயிறு அடுப்பில் என்ன வேகிறது?

ஞாயிறு பூசை முடிந்து ஆலய முற்றத்தில் நிற்கும் தாய்மார் ஒருவரை ஒருவர் கேட்கும் முதற்கேள்வி, "இன்றைக்கு என்ன கறி?" என்பதுதான். கண்டி நகரிலும் கட்டுகஸ்தோட்டை, கலஹா, தெல்தோட்டை, கம்பளைப் பகுதிகளிலும் இதற்குப் பதில்கள் பல. கையில் காசுள்ள வீட்டில் கோழிக்கறி. உருளைக்கிழங்கையும் சேர்த்தால் ஒரு கோழி எட்டுப் பேருக்குக் காணும். அடுத்த வீட்டில் பருப்பும் நெத்தலிக் கருவாடும். லயத்து வீட்டில் கோதுமை மா ரொட்டியும் கட்டச்சம்பலும். மரமுள்ள கிராமத்து வீட்டில் பலாக்காய்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மழையில் மண் சரிந்து, வீட்டையும் விளைநிலத்தையும் இழந்த குடும்பங்களுக்கு இக்கேள்வி வேறுவிதமாக ஒலிக்கிறது. "கறி இருக்கட்டும், அடுப்பு எங்கே?" என்று கேட்கிறார்கள். நிவாரணப் பொதி பசியை ஆற்றும். அதற்கு நாம் நன்றியுடையவர்கள். ஆனால் என்ன சமைப்பது என்று தீர்மானிக்கும் உரிமை பொதிக்குள் வருவதில்லை. வாரத்தில் ஒரு நாளாவது நாமே தீர்மானித்து, நாமே சமைத்து, எல்லோரும் கூடி உண்பது, மீண்டும் ஒரு குடும்பமாக எழுந்து நிற்பதன் தொடக்கம். அந்த ஒரு வேளையைக் குறைந்த செலவில் சத்துள்ளதாக்குவது எப்படி என்று பார்ப்போம்.

பஞ்சத்தில் கைகொடுத்தவை

நெருக்கடி நமக்குப் புதிதல்ல. 1973, 74ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டப் பகுதிகள் பட்ட பாட்டை மூத்தோர் மறக்கவில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவு விலைகள் முந்திய ஆண்டைவிட 94.9 வீதம் உயர்ந்திருந்தன. இத்தகைய காலங்களில் வீடுகளைத் தாங்கியவை கடைப் பொருட்களைவிட, பலாவும் மரவள்ளியும் வேலியோரக் கீரையுமே.

பலாவைச் சிங்கள மக்கள் சோற்று மரம் என்கிறார்கள். கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் ஆதர் வி. டயஸ் என்பவர் நாடெங்கும் பலாக்கன்று நடும் இயக்கத்தை நடத்தினார். மக்கள் அவரைக் 'கொஸ் மாமா', அதாவது பலா மாமா என்றே அழைத்தார்கள். பலாவையும் ஈரப்பலாவையும் அனுமதியின்றி வெட்டுவதை 1951ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது. அவற்றை மக்களின் உணவாகக் கருதியதே இதற்குக் காரணம்.

பிஞ்சுப் பலா கறியாகும். முற்றிய காயின் சுளையை மஞ்சளும் உப்பும் இட்டு அவித்துத் தேங்காய்ப்பூ சேர்த்தால் சோற்றுக்குப் பதிலாகும். கொட்டையை எறிய வேண்டாம். அதில் மாச்சத்தோடு புரதமும் உண்டு. பொதியில் வந்த ஒரு டின் மீனோடு அவித்த பலாக்கொட்டை இரண்டு கைப்பிடி சேர்த்தால், நான்கு பேரின் கறி ஏழு பேருக்குப் போதும். கொட்டைகளை மணலில் புதைத்துப் பல மாதங்கள் வைத்திருப்பது இந்நாட்டின் பழைய வழக்கம்.

ஓர் எச்சரிக்கை. மண்சரிவு அறிவித்தல் உள்ள நாட்களில், பலாக்காய் பறிக்கவென்று பழைய காணிக்குப் போக வேண்டாம். ஒரு காய்க்காக ஓர் உயிரைப் பணயம் வைக்கலாகாது.

மரவள்ளியில் கவனம்

மரவள்ளிக் கிழங்கோடு இஞ்சி சேர்க்கக் கூடாது என்று பாட்டிமார் சொல்வார்கள். அவ்வழக்கத்தைக் கைவிடச் சொல்லவில்லை. ஆனால் இஞ்சியைத் தவிர்த்தால் போதும் என்று இருந்துவிடக் கூடாது. ஆபத்து கிழங்கிலேயே இருக்கிறது. அதிலுள்ள ஒரு பொருளிலிருந்து சயனைட் நஞ்சு உண்டாகிறது. எனவே தோலை முழுவதும் உரித்து, துண்டாக்கித் தண்ணீரில் ஊறவிட்டு, மூடாத பானையில் நிறையத் தண்ணீர் விட்டு நன்றாக அவித்து, அந்நீரை ஊற்றிவிடுங்கள். கசக்கும் கிழங்கைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம். கிழங்கில் புரதம் மிகக் குறைவு. ஆகவே கட்டச்சம்பலோடு நிறுத்தாமல், கருவாடோ பருப்போ கூட வைக்க வேண்டும்.

பருப்பு, கீரை, தேயிலை

சோற்றில் குறைவான புரதக் கூறு பருப்பில் உண்டு; பருப்பில் குறைந்தது சோற்றில் உண்டு. இரண்டையும் சேர்த்து உண்ணும் நம் வழக்கம் அறிவான வழக்கம். பருப்பு விலை ஏறினால் பாசிப்பயறும் கௌபியும் அதே வேலையைச் செய்யும். நெத்தலியை முள்ளோடு உண்டால் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும்.

பொன்னாங்காணி, வல்லாரை, முருங்கையிலை ஆகியவற்றில் ஒன்றைத் தேங்காய்ப்பூவோடு சுண்டி, இறக்கியபின் தேசிக்காய் பிழியுங்கள். தேசிப்புளி கீரையிலுள்ள இரும்புச் சத்தை உடம்பு ஏற்க உதவுகிறது. தேயிலையோ அதைத் தடுக்கிறது. தேயிலை நாட்டவரான நமக்கு இது கசப்பான செய்திதான்! சாப்பாட்டோடு தேநீர் குடிக்காமல், ஒரு மணி நேரமாவது கழித்துக் குடியுங்கள். இரத்தச்சோகையுள்ள பெண்களும் கர்ப்பிணித் தாய்மாரும் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

யார் கடைசியில் உண்பது?

எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, சட்டியில் ஒட்டியிருப்பதைத் தாய் வழித்து உண்பதை நாம் தியாகம் என்று புகழ்கிறோம். இடம்பெயர்ந்த வீட்டில் விறகும் தண்ணீரும் தேடி அலைபவளும் பெரும்பாலும் அவளே. அவள் விழுந்தால் வீடும் விழும். தந்தையரே, ஞாயிற்றுக்கிழமை முதலில் அவளுடைய தட்டில் கறியைப் போடுங்கள். விறகை நீங்கள் பிளவுங்கள், தேங்காயைப் பையன் துருவட்டும். மகள் மட்டும் உதவ வேண்டும் என்று எங்கும் எழுதியில்லை.

பைக்குள் ஒரு தோட்டம்

நிரந்தரக் காணி கிடைக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பழைய உரப்பையில் மண்ணும் மக்கிய சாணமும் நிரப்பிப் பொன்னாங்காணித் தண்டை ஊன்றினால் சில வாரங்களில் கீரை கிள்ளலாம். ஞாயிறன்று பழம் உண்டால், கொட்டை காயுமுன் ஒன்றை ஆழமான பையில் நடுங்கள். காய்ந்த கொட்டை முளைக்காது. அது காய்க்க ஏழெட்டு ஆண்டுகள்கூட ஆகலாம். ஆயினும் நாளை காணி கிடைக்கும்போது, வெறுங்கையோடு போகாமல் ஒரு கன்றோடு போவீர்கள்.

உயிர்த்த ஆண்டவர் திபேரியக் கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் ஆயத்தம் செய்து, சோர்ந்துபோன சீடர்களைச் சாப்பிட அழைத்ததாக யோவான் நற்செய்தி கூறுகிறது. அவர்கள் புதுவாழ்வு தொடங்கியது ஓர் அடுப்பின் அருகில்தான்.

குழுவில் கலந்துரையாட:

1. சென்ற ஞாயிறு நம் வீட்டில் என்ன சமைத்தோம்? அதில் எவ்வளவு நம் சுற்றுப்புறத்தில் விளைந்தது?
2. நம் வீட்டில் கடைசியாக உண்பவர் யார்? ஏன்?
3. நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு பொது அடுப்போ கீரைப்பாத்தியோ அமைக்க முடியுமா?