கடைமடைக்கு வரும் விளையாட்டு

கல்லணையில் எத்தனை கன அடி திறந்தார்கள் என்பது பேப்பரில் வரும். அது பேராவூரணி வயலுக்கு என்றைக்கு வந்து சேர்ந்தது, நடுவில் நிற்காமல் வந்ததா என்பதை வைத்துத்தான் எங்கள் வெள்ளாமை. இன்டர்நெட்டுக்கும் இதே கணக்குதான் என்பதை எனக்குக் காட்டியவன், பத்தாவது படிக்கும் என் அக்கா மகன்.

2025 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் கிளவுட் கேமிங் இந்தியாவுக்கு வந்தது. விளையாட்டு ஓடுவது எங்கோ ஒரு டேட்டா சென்டரில். வீட்டுக்கு வருவது அதன் வீடியோ மட்டும். இங்கிருந்து போவது நாம் அழுத்தும் பட்டன். லட்ச ரூபாய்க்குக் கம்ப்யூட்டர் வாங்க வழியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு இது பெரிய கொடை.

அக்கா வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இருக்கிறது. இந்த விளையாட்டுக்கு 20 எம்பிபிஎஸ் போதும். ஆனாலும் விளையாட்டில் அவன் ஓட்டிய கார் வளைவில் திரும்பாமல் சுவரில் போய் மோதியது. “மாமா, நான் பிரேக் அடிச்சு ரொம்ப நேரம் கழிச்சுத்தான் வண்டிக்குத் தெரியுது” என்றான்.

யூடியூப் என்பது பத்தாயத்தில் நெல் கொட்டிவைத்துச் சாப்பிடுகிற வீடு. லைன் அரை நிமிடம் தடுமாறினாலும், முன்கூட்டி இறங்கிய வீடியோ ஓடிக்கொண்டிருக்கும். விளையாட்டில் அப்படிச் சேர்த்துவைக்க முடியாது. அவன் இன்னும் அழுத்தாத பிரேக்குக்கு அடுத்த காட்சியை எந்த சர்வர் முன்கூட்டி அனுப்பும்?

தூரத்தைக் குற்றம் சொல்லத் தோன்றும். ஃபைபரில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. ஓடுகிறது. சர்வர் மும்பையில் இருந்து, ஒயர் 1,500 கி.மீ. சுற்றி வந்தாலும், போய்த் திரும்ப 15 மில்லிசெகண்ட்தான். விநாடிக்கு 60 காட்சி ஓடும் விளையாட்டில் அது ஒரு காட்சியின் நேரம்கூட இல்லை. கோளாறு பெரும்பாலும் கடைசி அரைக் கிலோமீட்டரில்தான் இருக்கிறது.

இங்கே ஒயர் தென்னந்தோப்பு வழியாக, கம்பத்துக்குக் கம்பம் தொங்கிக்கொண்டு வருகிறது. ஒரு மட்டை விழுந்தால் போதும், பெட்டியில் சிவப்பு லைட் எரிந்துவிடும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் தென்னைகளையும் மின்கம்பங்களையும் சேர்த்தே சாய்த்ததை எப்படி மறப்பது?

வீட்டுக்குள்ளும் ஒரு கடைமடை உண்டு. அன்று செல்போனை வைத்து, செய்தி போய்த் திரும்பும் நேரத்தைக் காட்டும் ‘பிங்’ பார்த்தேன். 35 மில்லிசெகண்டில் நின்ற எண் திடீரென்று 400-ஐத் தாண்டியது. அடுக்களையில் அக்கா, சிங்கப்பூரில் இருக்கும் அத்தானுக்குக் காதுகுத்து வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருந்தாள். அந்தப் பெரிய வீடியோ வாய்க்காலை அடைத்துக்கொள்ள, பையனின் பட்டன் அழுத்தம் பின்னால் வரிசையில் நின்றது. ரவுட்டரில் ‘க்யூஓஎஸ்’ என்றொரு வசதி இருக்கிறது. எந்தக் கருவிக்கு முதலில் வழிவிடுவது என்று அதில் சொல்லிவைக்கலாம். நம் ஊர் முறைப்பாசனம்தான் அது. அதைப் போட்டுவிட்டு, இரண்டு சுவர் தாண்டித் தேய்ந்து வந்த வைஃபையை விட்டு, லேப்டாப்புக்கு நேராக லேன் ஒயர் இழுத்தோம்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2024-ல் கொண்டுவந்த சேவைத்தர விதிகளில் தாமதம், பாக்கெட் இழப்பு, ஜிட்டர் (தாமதத்தின் ஏற்ற இறக்கம்) எல்லாவற்றுக்கும் அளவு வைத்திருக்கிறது. ஆனால் கனெக்‌ஷன் விற்கும் நோட்டீஸில் எம்பிபிஎஸ் மட்டும்தான் கொட்டை எழுத்தில் இருக்கிறது. ராத்திரி 9 மணிக்கு என் வீட்டில் தாமதம் எவ்வளவு என்பதையும் அதே கொட்டை எழுத்தில் போடச் சொல்லிக் கேட்கிறேன்.

அக்கா மறுநாளும் வீடியோ அனுப்பினாள். கார் வளைவில் ஒழுங்காகத் திரும்பியது. பத்து நிமிடத்தில் கரண்ட் போய்விட்டது. ரவுட்டருக்கு ஒரு 12 வோல்ட் மினி யுபிஎஸ் வாங்க, பையனும் நானும் கடைவீதிக்குக் கிளம்பினோம்.