ஒளியோடு உழைப்போர்

நுழையுமுன்

உங்கள் வீட்டுத் திருமணப் படத்தொகுப்பை நீங்கள் புரட்டிப் பார்த்திருப்பீர்கள். மணமக்கள், தாத்தா, பாட்டி, அத்தை, மாமா என உற்றார் அனைவரும் அதில் இருப்பர். ஆனால் அன்று முழுவதும் அங்கேயே நின்று பணியாற்றிய ஒருவர் மட்டும் எந்தப் படத்திலும் இருக்கமாட்டார். அவரே ஒளிப்படக் கலைஞர். அவருடைய உழைப்பையும் அவ்வுழைப்பால் நம் ஊருக்கு விளையும் நன்மையையும் இப்பாடத்தில் அறிந்துகொள்வோம்.

ஒளியால் வரைதல்

'போட்டோகிராபி' என்னும் சொல், ஒளி, வரைதல் என்னும் பொருள்களையுடைய இரண்டு கிரேக்கச் சொற்களின் சேர்க்கையாகும். அப்பொருளுக்கு ஏற்பவே தமிழில் 'ஒளிப்படம்' என்கிறோம். மக்கள் வழக்கில் 'புகைப்படம்' என்னும் சொல்லும் நிலைபெற்றுள்ளது. பிரெஞ்சு நாட்டினரான தாகர் உருவாக்கிய முறை 1839ஆம் ஆண்டு ஆகஸ்டு 19ஆம் நாள் உலகுக்கு விளக்கப்பட்டது. அந்நாளே இன்று உலக ஒளிப்பட நாளாகக் கொண்டாடப்படுகிறது.

ஒளிப்படக் கலைஞருள் சிலர் நாளிதழ்களிலோ நிறுவனங்களிலோ மாதச் சம்பளத்திற்குப் பணிபுரிவர். வேறு சிலர் எவரிடமும் நிலையான வேலையில் அமராமல், அழைப்பவருக்கெல்லாம் பணிசெய்து, அந்தந்தப் பணிக்குரிய ஊதியத்தைப் பெறுவர். இவர்களைத் தன்னுரிமை ஒளிப்படக் கலைஞர் என்பர். இவர்களுக்கு மேலதிகாரி இல்லை; வருகைப் பதிவேடும் இல்லை. ஆகவே இவர்களுக்கு ஓய்வு மிகுதி என்று பலர் எண்ணுவர். உண்மை அதற்கு மாறானது.

ஒரு நாள் உழைப்பு

மாரிகுப்பத்தில் வாழும் ஒரு தன்னுரிமைக் கலைஞரை மனக்கண்ணில் காண்போம். இராபர்ட்சன்பேட்டையில் காலை 6 மணி முதல் 7.30 மணி வரை முகூர்த்தம் என்றால், அவர் 3 மணிக்கே எழுந்துவிடுவார். பேட்டரிகளுக்கு முந்தைய இரவே மின்னேற்றி வைத்திருப்பார். இரண்டு கேமராக்கள், லென்ஸ்கள், ஃபிளாஷ் விளக்கு, மெமரி கார்டுகள் ஆகியவற்றை ஒருமுறைக்கு இருமுறை சரிபார்ப்பார். ஒரு கேமரா பழுதானாலும் பணி நிற்கக்கூடாது என்பதே இரண்டாவது கேமராவின் நோக்கம். தாலி கட்டும் நேரம் ஒரு சில நொடிகளே. "மீண்டும் ஒருமுறை கட்டுங்கள்" என்று எவரிடமும் கேட்க முடியாது.

அந்நொடியில் அவர் மனம் மூன்று கணக்குகளை ஒருசேரப் போடும். முதலாவது, ஒளி நுழையும் துளையின் அளவு. துளை விரிந்தால் ஒளி மிகுதியாக நுழையும்; ஆனால் முன்னால் இருப்பது தெளிவாகவும் பின்னால் இருப்பது மங்கலாகவும் தெரியும். இரண்டாவது, ஷட்டர் என்னும் மூடி திறந்திருக்கும் நேரம். ஓடும் குழந்தையை அசைவின்றிப் பதிய ஒரு நொடியில் 500இல் ஒரு பங்கு நேரம் போதும். அசையாமல் அமர்ந்திருக்கும் பாட்டிக்கு 60இல் ஒரு பங்கு நேரம் கொடுக்கலாம். மூன்றாவது, ஒளியை உணரும் திறனின் அளவு. அதைக் கூட்டினால் இருளிலும் படம் பதியும். ஆயினும் படத்தில் புள்ளிகள் தோன்றும். ஒன்றைக் கூட்டினால் மற்றொன்றைக் குறைக்கவேண்டும். ஓமத் தீயின் செவ்வொளி, மண்டபத்து விளக்கின் வெள்ளொளி, வாயில் வழியே வரும் காலை வெயில் ஆகிய மூன்றும் கலந்திருக்கும் இடத்தில் இக்கணக்கு எளிதன்று.

மணமக்களைப் படமெடுப்பது மட்டுமே அவர் பணியன்று. பந்தியில் பரிமாறும் சித்தப்பா, மூலையில் நின்று கண்ணீரைத் துடைக்கும் தாய், உறங்கிவிட்ட சிறுவன் ஆகியோரையும் அவர் கண் தேடும். பல ஆண்டுகளுக்குப் பின் குடும்பத்தார் விரும்பிப் பார்ப்பவை பெரும்பாலும் இத்தகைய படங்களே.

பணி முடிந்தபின் தொடங்கும் பணி

விருந்தினர் கலைந்தபின் கலைஞரின் இரண்டாம் பகுதி வேலை தொடங்குகிறது. ஒரு திருமணத்தில் 2,000 படங்கள் எடுத்தார் என்று கொள்வோம். ஒவ்வொன்றும் 25 எம்.பி. அளவுடையதாயின் மொத்தம் 50 ஜி.பி. ஆகும். அன்றிரவே அவற்றைக் கணினியிலும் மற்றொரு தனிச் சேமிப்புக் கருவியிலும் படியெடுத்து வைக்கவேண்டும். ஒன்று பழுதானாலும் மற்றொன்று காக்கும். பின்னர் 2,000 படங்களிலிருந்து சிறந்தவற்றைத் தெரிந்தெடுத்து, நிறமும் ஒளியும் திருத்தி, ஆல்பமாக வடிவமைக்கவேண்டும். ஒரு நாள் எடுத்த படங்களுக்குப் பல நாள் கணினிமுன் அமரவேண்டியிருக்கும்.

இவற்றுக்கிடையே கடவுச்சீட்டு அளவுப் படம் வேண்டுவோர் வருவர். பள்ளியில் வகுப்புக் குழுப்படம் எடுக்க அழைப்பு வரும். தேவாலயத் திருவிழா, அம்மன் கோவில் திருவிழா, ஏப்ரல் 14 அன்று அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாள் ஊர்வலம் எனப் பணிகள் தொடரும். பெங்களூரில் வேலை இருப்பின், மாரிகுப்பத்திலிருந்து அன்றாடம் வேலைக்குச் செல்வோர் நிறைந்த காலை இரயிலில் அவரும் தம் பையை மடியில் வைத்துக்கொண்டு பயணம் செய்வார்.

வருவாயும் இடரும்

வேலை மிகுதியாக உள்ளதால் வருவாயும் மிகுதி என்று கருதலாகாது. ஆடியிலும் மார்கழியிலும் இந்துத் தமிழர் இல்லங்களில் திருமணங்கள் பொதுவாக நடப்பதில்லை. தவக்காலத்தில் கிறித்தவத் திருமணங்கள் அரிது. ஆகவே தை, வைகாசி, ஆவணி மாதங்களில் ஈட்டுவதை ஏனைய மாதங்களுக்கும் சேமித்து வைக்கவேண்டும். கேமராவின் விலை, பழுது நீக்கும் செலவு, ஆல்பம் அச்சிடும் கூலி, உதவியாளர் ஊதியம் ஆகியவை போக எஞ்சுவதே அவருடைய வருவாய். நோயுற்றால் விடுப்புச் சம்பளம் கிடையாது. எனவே முன்பணம் பெறுவதும், எத்தனை படங்கள், எந்நாளில் தரப்படும் என்பவற்றை எழுத்தில் குறித்துக்கொள்வதும் இத்தொழிலின் இன்றியமையாத நெறிகள்.

படம் யாருக்கு உரியது?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. அதன்படி ஒளிப்படத்தை எடுத்தவரே அதன் படைப்பாளி ஆவார். ஆயினும் ஒருவர் பணம் கொடுத்துத் தமக்காக எடுக்கச் செய்த படத்திற்கு, வேறு ஒப்பந்தம் இல்லையெனில், அவரே முதல் உரிமையாளர். ஆகவே ஒரு குடும்பத்தின் திருமணப் படத்தைக் கலைஞர் தம் விளம்பரத்திற்குப் பயன்படுத்த விரும்பினால், அக்குடும்பத்தாரின் ஒப்புதலைப் பெறவேண்டும். சட்டத்திற்கு அப்பால் ஓர் அறமும் உண்டு. துயரத்தில் இருப்பவரையும் குழந்தைகளையும் கேளாமல் படமெடுத்துப் பரப்புதல் தகாது. கேமராவை உயர்த்துவதற்குமுன் "எடுக்கலாமா?" என்று கேட்பதே நற்கலைஞருக்கு அடையாளம்.

வழிகாட்டிய இருவர்

நம் கருநாடக மாநிலத்தின் மைசூரில் 1923ஆம் ஆண்டு பிறந்தவர் டி.எஸ். சத்யன். 1948ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட டெக்கான் ஹெரால்டு நாளிதழில் பணியாற்றியபின், தன்னுரிமைக் கலைஞராக நெடுங்காலம் உழைத்தார். பெரியம்மை ஒழிப்புப் பணியையும் குழந்தைகளின் அன்றாட வாழ்வையும் படங்களாக்கினார். பன்னாட்டுக் குழந்தைகள் ஆண்டான 1979இல், அவர் எடுத்த இந்தியக் குழந்தைகளின் படங்கள் நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் அவையின் தலைமையகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. 1977இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 2009இல் மறைந்தார்.

மதுரை மாவட்டத்தைச் சேர்ந்த எம். பழனிக்குமார் நம் காலத்துக் கலைஞர். மீன் விற்கும் தாயின் மகனாகிய அவர், உழைக்கும் மக்களையே தம் படங்களின் பொருளாகக் கொண்டார். தூய்மைப் பணியாளரின் துயரைக் காட்டிய 'கக்கூஸ்' என்னும் 2017ஆம் ஆண்டு ஆவணப்படத்திற்கு ஒளிப்பதிவு செய்தார். இராமநாதபுரம் கடற்கரையில் கடற்பாசி சேகரிக்கும் பெண்களையும் படமெடுத்துள்ளார். தம் மக்களின் வாழ்வைத் தாமே பதிவுசெய்தல் எத்துணை வலிமையுடையது என்பதற்கு அவர் சான்றாவார்.

நம் ஊரும் நம் படங்களும்

1880இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் இங்குச் சுரங்கப் பணியை மேற்கொண்டனர். வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த நம் முன்னோர், நிலத்தடியில் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம்வரை இறங்கிப் பொன் எடுத்தனர். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. அவ்வுழைப்பாளர் காலத்தில் கேமரா விலையுயர்ந்த பொருள். ஸ்டூடியோவுக்குச் சென்று படமெடுத்தல் தொழிலாளர் குடும்பத்திற்கு அரிய நிகழ்ச்சி. ஆகையால் பல வீடுகளில் கொள்ளுத்தாத்தாவின் பெயர் உண்டு, முகம் இல்லை.

இன்று வெளியூரிலிருந்து வருவோர் துருப்பிடித்த சுரங்கக் கோபுரங்களையும் சயனைடு மண்மேடுகளையும் படமெடுத்துச் செல்கின்றனர். அவை உண்மையான படங்களே. ஆனால் அவற்றை மட்டும் காண்பவர், இவ்வூர் அழிந்துவிட்டது என்றே எண்ணுவர். உள்ளூர்க் கலைஞர் எடுக்கும் படங்களிலோ லைன் வீட்டு வாசலில் கோலம் இருக்கும், திருமணம் இருக்கும், பள்ளிப் பிள்ளைகளின் சிரிப்பு இருக்கும். இங்கு மக்கள் வாழ்கின்றனர் என்பதற்கு அவையே சான்று. கூலிக்காகச் செய்யும் வேலையாயினும், அது வரலாற்றுப் பணியும் ஆகின்றது.

அச்சான்று நிலைக்க நம் பங்கும் வேண்டும். பெயரும் ஆண்டும் குறிக்கப்படாத படத்தில் இருப்பவர் இரண்டு தலைமுறைக்குள் அயலாராகிவிடுவர். ஆகவே வீட்டிலுள்ள ஒவ்வொரு பழைய படத்தைப் பற்றியும் பெரியோரிடம் கேட்டு, யார், எங்கே, எப்போது என்று குறித்து வைப்போம். சொல்பவர் இருக்கும்போதே கேட்போம்.

சொல்லும் பொருளும்

தன்னுரிமை – பிறருக்குக் கட்டுப்படாத உரிமை
ஒருசேர – ஒரே நேரத்தில்
இன்றியமையாத – தவிர்க்க இயலாத
ஒப்புதல் – இசைவு
அயலார் – உறவல்லாதவர்

பயிற்சி

அ. விடை எழுதுக.
1. தன்னுரிமை ஒளிப்படக் கலைஞர் என்பவர் யார்?
2. கலைஞர் இரண்டு கேமராக்களை எடுத்துச் செல்வது ஏன்?
3. படமெடுக்கும்போது போடவேண்டிய மூன்று கணக்குகள் யாவை?
4. வெளியூரார் எடுக்கும் படங்களுக்கும் உள்ளூர்க் கலைஞர் எடுக்கும் படங்களுக்கும் உள்ள வேறுபாடு யாது?

ஆ. சிந்தித்து எழுதுக.
உன் நண்பன் அழுதுகொண்டிருக்கும்போது ஒருவர் அவனைப் படமெடுத்துக் கைப்பேசியில் பரப்புகிறார். அவரிடம் நீ என்ன கூறுவாய்?

இ. செயல்பாடு
உன் வீட்டிலுள்ள மிகப் பழைய படம் ஒன்றைத் தேர்ந்தெடு. அதில் இருப்பவர், இடம், ஆண்டு ஆகியவற்றைப் பாட்டியிடமோ தாத்தாவிடமோ கேட்டுப் பத்து வரிகளில் எழுதி வருக. படம் இல்லாத வீட்டினர், படமாக இருந்திருக்கவேண்டிய ஒரு நிகழ்ச்சியைக் கேட்டு எழுதி வருக.